நிழலற்ற நண்பகலும் எழாத புகையும் குறித்து அமைச்சன் நெடுஞ்சேந்தன் விடுத்த ஓலை

திரு நிலைக்க. உப்பு விளைக, முத்து விளைக, கடல் தன் கரைக்குள் நிற்க, கொற்றவர் சினம் தன் கரைக்குள் நிற்க.

முத்தும் உப்பும் ஒரே கரையில் விளையும் ஆழிக்கரை நாட்டின் காவலரும், வெண்சங்குக் கொடி உயர்த்தியவரும், பெயர் சொன்னாலே மரக்கலங்கள் பாய் விரிக்கும் என்று புலவர் பாடும் புகழுடையவரும், என் தங்கையை மணந்தமையால் எனக்கு மைத்துனருமாகிய கோமகனார் ஆழிமாறத் தேவர் திருமுன்னர், அவர்தம் அமைச்சனும் இளவரசி பவளநங்கைக்குத் தாய்மாமனுமாகிய நெடுஞ்சேந்தன், முகில்மலை நாட்டுத் தலைநகராம் வேங்கைமுடியிலிருந்து பணிந்து விடுக்கும் ஓலை.

தேவரீர் நலமே விளங்குக. அரசியார் நலமே விளங்குக. யான் நலம். என் பல்லக்கும் நலம். பல்லக்குச் சுமப்போர் மட்டும் வழியில் தாங்கள் இறந்துபோனதாகச் சில நாள் எண்ணிக்கொண்டிருந்தனர். இப்போது அவர்களும் நலமே.

அவையில் இவ்வோலையைப் படிக்கும் நாயகர், மேலே செல்லுமுன், முற்றத்தில் போர்முரசுக்குத் தோல் இறுக்குவோரைச் சற்றே நிறுத்தச் சொல்லுக. அந்த ஓசையில் என் ஓலை கேளாது. என் மைத்துனர் சினத்தில் இருக்கும்போது பிறர் சொல்வதைப் பாதிதான் கேட்பார் என்பதை அவையோர் அறிவர். ஆதலால் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முகில்மலை வேந்தர் இளவரையர் நம் பெண்ணை மறுக்கவில்லை. அவர் மறுத்தார் என்று நாம் கொண்டது பிழை. அந்தப் பிழைக்கு அவரும் காரணரல்லர், தேவரீரும் காரணரல்லீர். வானத்திலிருந்து வெயில் வந்து நிலத்தில் விழும் முறையை இரு நாட்டாரும் சரிவர அறியாமற் போனதே காரணம். வரும் முழுநிலா நாளில் யானைப்படை ஆற்றைக் கடக்கும் என்று தேவரீர் உரைத்த வஞ்சினத்தை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். ஏன் என்பதை இனி விரித்துரைக்கிறேன்.

மண உடன்படிக்கை எழுதிய நாளை தேவரீர் மறந்திருக்க மாட்டீர். பெண் கொடுக்க நமக்கு விருப்பம், பெண் கொள்ள அவர்களுக்கு விருப்பம். ஆயினும் முதலில் சம்மதம் சொல்வது யார் என்பதில் இரு அவைகளும் ஒரு பருவம் முழுதும் வாய் மூடி அமர்ந்திருந்தன. முதலில் சொல்பவர் தாழ்ந்தவராகிவிடுவார் என்று அவர்களுக்கு அச்சம், நமக்கும் அச்சம். கடைசியில் யாருக்கும் தாழ்வில்லாத வழி என்று ஒன்றைக் கண்டுபிடித்து, நம் அறிவை நாமே மெச்சிக்கொண்டோம். சித்திரையில் எந்த நண்பகலில் நிழற்கம்பத்தின் நிழல் முற்றும் மறைகிறதோ, அந்த நண்பகலில் இளவரசி நம் ஆற்றங்கரை மண்டபத்துக் கம்பத்துக்கு மாலை சூட்டுவாள். அதே நண்பகலில் இளவரையர் தம் மலையுச்சி அரண்மனையில் தீ மூட்டிப் புகை எழுப்புவார். குன்றுக்குக் குன்று காவலர் அப்புகையைத் தொடர்ந்து எழுப்ப, பொழுது சாயுமுன் நம் எல்லைக் குன்றில் அது தெரியும். வானத்தில் இருப்பது ஒரு கதிரவன். ஆகவே நண்பகலும் ஒன்று, சம்மதமும் ஒன்று, முந்தியவர் எவருமில்லை. தீ மூட்டாவிடில் பெண்ணை மறுத்ததாகவே பொருள் என்று நாமே எழுதிக் கொடுத்தோம். அதே குன்றுகளில் வேறெந்த நாளிலும் புகை எழுந்தால் அது படையெடுப்பின் அறிகுறி என்ற பழைய வழக்கும் மாறாது என்று அதன் கீழேயே எழுதினோம்.

அந்த நாளில் நடந்ததை யான் திரும்ப எழுதினால் தேவரீர் நெஞ்சு புண்படும். ஆயினும் ஒன்றை எழுதியே ஆகவேண்டும். கம்பத்தின் நிழல் மறைந்ததும் மருமகள் மாலை சூட்டினாள். பிறகு ஊரே வடக்கு நோக்கி நின்றது. குன்று வெறுங்குன்றாகவே இருந்தது. விருந்துக்கு வடித்த சோறு ஆறிற்று; மேளகாரர் கருவிகளுக்கு உறை மாட்டினர். தேவரீர் எழுந்து வாளைத் தொட்டு வஞ்சினம் உரைத்து, அதை ஓலையில் எழுதித் தந்து என்னை இங்கே தூது விடுத்தீர். யான் பல்லக்கில் ஏறும் வேளையில் மருமகள் ஒருத்தியாக வந்து சொன்னதைத் தேவரீர் இதுவரை கேட்டதில்லை. "மாமா, அவர் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தால், அதை மட்டும் என்னிடம் வந்து சொல்லுங்கள். அதற்காக யாரும் சாக வேண்டாம்" என்றாள். அவள் அழவில்லை. யான்தான் பல்லக்கின் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அந்தத் துயரத்தோடு வடக்கு நோக்கிப் புறப்பட்டவன், சில நாளிலேயே சிரிக்க வேண்டியதாயிற்று. அடுத்த நண்பகலில் வழியில் ஒரு புளியமரத்தடியில் பல்லக்கை இறக்கினர். சுமப்போர் தலைவன் வல்லூரன் வெயிலில் ஊன்றி வைத்த என் வெள்ளிக்கோலுக்கு நிழல் இல்லை. நேற்று மண்டபத்தில் மறைந்த நிழல் இன்னும் மறைந்தே இருக்கிறது போலும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வேறோர் ஊர், வேறொரு மரம். அங்கும் நண்பகலில் கோலுக்கு நிழல் இல்லை. அதற்கடுத்த நாளும் அவ்வாறே. நிழல் இல்லாதது பேய்க்குத்தான் என்பது நம் நாட்டில் பால்குடி மறவாப் பிள்ளைக்கும் தெரியும். சுமப்போர் தம் காலடியைக் குனிந்து குனிந்து பார்த்தனர். ஒருவன் செத்தவனுக்குச் சோறு எதற்கு என்று இலையைத் தள்ளினான். செத்தவனுக்குத்தான் பசி அதிகம் என்று அடுத்தவன் அந்த இலையையும் இழுத்துக்கொண்டான். முடிவில் வல்லூரன் என் முன் வந்து கைகட்டி நின்று கேட்டதை அவன் வாய்மொழியாகவே எழுதுகிறேன்: "சாமி, கோவிச்சுக்காதீங்க. ஒங்களுக்கும் நிழல் இல்ல, எங்களுக்கும் நிழல் இல்ல. நாம எந்த ஊர்ல செத்தோம்னு மட்டும் சொல்லிடுங்க."

யான் உயிரோடு இருப்பதை அவனுக்குக் காட்ட அவன் காதைத் திருகினேன். அவன் ஓரளவு தேறினான். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரப் பெருமிதம். தேவரீர் பக்கம் அறம் இருக்கிறது, அதனால்தான் கதிரவன் ஒவ்வொரு நண்பகலும் என் தலைக்கு நேர்மேலே நின்று குடை பிடிக்கிறான் என்று எண்ணி, இளவரையர் அவையில் முழங்க வேண்டிய கடுஞ்சொற்களை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். அவற்றுள் சில மிக நன்றாக அமைந்தன. பயன்படாமற் போனதில் சிறிது வருத்தமே.

வேங்கைமுடிக்குள் எங்கள் பல்லக்கு நுழைந்தபோது நண்பகல் நெருங்கிக்கொண்டிருந்தது. நகரெங்கும் தோரணம். பகைவன் ஊரில் நமக்கு வரவேற்பா என்று வியந்தேன். அரண்மனை முற்றத்தில் நிழற்கம்பத்தைச் சூழ்ந்து ஊரே திரண்டிருந்தது. நடுவே மணப்பட்டு உடுத்து, கையில் எரியும் பந்தம் ஏந்தி, கம்பத்தின் காலடியை முறைத்துப் பார்த்தவாறு ஓர் இளைஞர் நின்றார். அவரே இளவரையர். அருகில் நின்றவர்களைக் கேட்டேன். மன்னர் பல நாளாக ஒவ்வொரு நண்பகலும் இப்படித்தான் பட்டுடுத்து வந்து நிற்கிறார் என்றும், நிழல் இன்னும் மிச்சமிருப்பதைக் கண்டு வாய்விட்டு வைதுவிட்டுப் போகிறார் என்றும், அரண்மனையில் சில நாளாக யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை என்றும் சொல்லிச் சிரித்தனர். அச்சொல் முடிவதற்குள் கூட்டம் ஆர்ப்பரித்தது. கம்பத்தின் நிழல் மறைந்துவிட்டது. இளவரையர் பந்தத்தை உயர்த்தி, புகை எழுப்ப அடுக்கியிருந்த விறகுக்குவியலை நோக்கி ஓடினார்.

என் உடலின் பருமனைத் தேவரீர் பலமுறை அவையிலேயே பாராட்டியிருக்கிறீர். அந்த உடலோடு யான் பல்லக்கிலிருந்து குதித்து, மெய்க்காவலர் இருவரை இடித்துத் தள்ளி, மன்னரின் கையைப் பற்றினேன். ஈட்டிகள் என் விலாவில் வந்து நின்றன. எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றே: இந்தப் புகை எழுந்தால் குன்றுதோறும் பரவும், நம் எல்லைக் காவலர் அதைப் படையெடுப்பு என்று படிப்பர், தேவரீர் முழுநிலாவுக்குக்கூடக் காத்திருக்க மாட்டீர். மூச்சு வாங்க அதைச் சொல்லி, தேவரீர் தந்த வஞ்சின ஓலையையும் அவர் முன் விரித்தேன்.

மண்டபத்தில் நிழல் மறைந்ததையும், பவளநங்கை மாலை சூட்டியதையும், புகை எழாததையும் கேட்டபோது இளவரையர் என்னை இரண்டு முறை திரும்பச் சொல்ல வைத்தார். பிறகு, இப்போது இந்த நண்பகலில் தீ மூட்டாவிட்டால் உடன்படிக்கைப்படி தாமே பெண்ணை மறுத்தவராவார் என்றும், மூட்டினால் போர் என்றும், இரண்டில் எதையும் தாம் செய்யப்போவதில்லை என்றும் உரைத்தார். உடன்படிக்கையில் மூட்ட வேண்டியது தீ என்றுதான் இருக்கிறது, அதன் அளவு எழுதப்படவில்லை என்று யான் நினைவூட்டினேன். ஒரு நெய்விளக்கு கொண்டுவரப்பட்டது. கதிரவன் தலைமேல் நிற்கும்போதே, தம் கையிலிருந்த பந்தத்தால் அவர் அத்திரியை ஏற்றினார். புகை எழவில்லை, ஊரார் குலவையிட்டனர்.

இதன் பிறகுதான் சண்டை தொடங்கிற்று. இவர்கள் அவைக் கணியர் தேவங்குடியார், வானத்தை அளப்பதில் வல்லவர். வாயால் அளப்பதில் அதனினும் வல்லவர். ஆழிக்கரைக் கம்பம் கடற்காற்றில் சாய்ந்திருக்கும், அதனால்தான் உங்கள் நிழல் முன்னமே மறைந்தது என்றார். வேங்கைமுடிக் கம்பம் மலைச்சரிவில் சாய்ந்திருக்கும், அதனால்தான் உங்கள் நிழல் பிந்தி மறைந்தது என்றேன். கொத்தரை அழைத்துத் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தோம். கம்பம் மயிரிழையும் சாயவில்லை. நம் கம்பத்தையும் ஆண்டுதோறும் தேவரீரே முன்னின்று சோதிப்பதை யான் எடுத்துரைத்தேன். இரு கம்பமும் நேர், கதிரவனும் ஒன்று, நண்பகல் மட்டும் எப்படி இரண்டு என்று இருவரும் தலையைச் சொறிந்தோம்.

உண்ணும்போது பேச்சுக்கு ஏதேனும் வேண்டுமே என்று, பல்லக்குச் சுமப்போர் தம்மைப் பேயென்று எண்ணிய கதையை யான் சொன்னேன். அவை முழுதும் சிரித்தது. தேவங்குடியார் மட்டும் கையிலெடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டார். எந்த ஊரில், எந்த நண்பகலில், கோல் நேராக நின்றதா என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு இலையைவிட்டு எழுந்து, மடைப்பள்ளியிலிருந்து பெரிய நாரத்தங்காய் ஒன்றும் ஒரு பிடி கிராம்பும் வாங்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். யானும் எச்சிற்கையோடு பின்னால் ஓடினேன்.

காம்பிலிருந்து அடிவரை ஒரே வரிசையாகக் கிராம்புகளைச் செங்குத்தாகக் குத்தி, காயை வெயிலில் நீட்டினார். வரிசையில் ஒரே ஒரு கிராம்புக்கு மட்டும் நிழல் இல்லை. அதற்கு மேலிருந்தவற்றுக்கு நிழல் மேற்புறம் விழுந்தது, கீழிருந்தவற்றுக்குக் கீழ்ப்புறம். காயை மெல்லச் சாய்த்தார். நிழலற்ற நிலை அடுத்த கிராம்புக்கு நகர்ந்தது, பிறகு அதற்கடுத்ததற்கு. தேவரீர் உடனே ஒரு காயைக் கொண்டுவரச் சொல்லிச் செய்து பார்க்கலாம். கடைசியில் ஊறுகாய் போட்டுக்கொள்ளலாம். இங்கே அவ்வாறே செய்தனர்.

இதன் பொருளைக் கணியர் விளக்கியபடி எழுதுகிறேன். கதிரவன் இருக்கும் தொலைவு நம் மரக்கலங்கள் தலைமுறை தலைமுறையாகப் பாய் விரித்தாலும் சென்றடைய முடியாத தொலைவு. அத்தனை தொலைவிலிருந்து புறப்பட்ட ஒளி, இடையே காற்றுமற்ற வெறும் வெளியைக் கடந்து, நம்மிடம் வந்து சேரும்போது, தறியில் பூட்டிய பாவு நூல்களைப்போல ஒன்றுக்கொன்று இணையாக, ஒரே திசை நோக்கி வருகிறது. ஆழிக்கரைக்கு ஒரு சாய்வு, முகில்மலைக்கு ஒரு சாய்வு என்று அது ஓரவஞ்சனை செய்வதில்லை. வளைந்திருப்பது நம் நிலமே. உலகம் தட்டையான பலகையாக இருந்தால் எல்லாக் கம்பங்களும் ஒரே நண்பகலில் நிழலை இழக்கும். உருண்டையாக இருப்பதால், கதிர் எந்த ஊரின் தலைக்கு நேராக இறங்குகிறதோ அந்த ஊரில் மட்டுமே நிழல் மறையும். சித்திரையில் கதிரவன் நாள்தோறும் சிறிது வடக்கே ஏறுகிறான். தெற்கே இருக்கும் நமக்கு முதலில் உச்சியில் வருகிறான். பிறகு ஊர் ஊராக நகர்ந்து இவர்களுக்கு வருகிறான். அவன் ஒருநாளில் வடக்கே நகரும் தொலைவும், நம் பல்லக்கு ஒருநாளில் நடக்கும் தொலைவும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்துவிட்டன. வழிநெடுக எங்களுக்கு நிழல் தொலைந்ததன் காரணம் இதுவே. கதிரவனோடு சமமாக நடந்தவர்கள் நீங்கள் என்று வல்லூரனிடம் சொன்னேன். நேற்றுமுதல் அவன் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறான். இந்நாட்டுப் பல்லக்குக்காரரை மதிப்பதே இல்லை.

தலைக்கு நேராக விழும் நாளில் வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது என்றும் கேட்டேன். ஒரு கரண்டி நெய்யைச் சோற்றில் ஒரே இடத்தில் விட்டால் அந்தக் கவளம் நெய்யில் குளிக்கும், அதையே இலை முழுதும் தெளித்தால் எந்தக் கவளத்திலும் மணம் மட்டுமே இருக்கும் என்றார். நேர்க்கதிர் தன் வெம்மையைச் சிறு இடத்தில் கொட்டுகிறது. காலையிலும் மாலையிலும் சாய்கதிர் அதையே அகன்ற நிலத்தில் பரப்பிவிடுகிறது. நெய்யை உவமை சொன்னவரை யான் எப்படி நம்பாதிருப்பேன்?

இன்னுமொன்று சொன்னார். ஒளியும் வழி நடந்தே வருகிறதாம். கதிரவனை விட்டுப் புறப்பட்டு நம் கண்ணை வந்து தொட, ஒருவர் வெற்றிலை மடித்து, மென்று, சுவைத்து முடிக்கும் நேரம் ஆகிறதாம். இதை அவர் எப்படிக் கணித்தார் என்பது எனக்கு விளங்கவில்லை; மூன்று முறை விளக்கினார், மூன்று முறையும் தலையாட்டினேன். ஆயினும் எனக்கு அது பிடித்திருக்கிறது. உலகில் யாவற்றினும் விரைந்து ஓடும் ஒளிக்கே வந்து சேர நேரம் பிடிக்கிறதென்றால், மலை இறங்கி வரவேண்டிய ஒரு மாப்பிள்ளையிடம் நாம் கொஞ்சம் பொறுமை காட்டலாம்.

இனி, தேவரீர் மனத்தில் இந்நேரம் எழுந்திருக்கும் கேள்விக்கு வருகிறேன். அப்படியானால் முதலில் சம்மதம் சொன்னது நாம்தானே, நாம் தாழ்ந்துவிட்டோமே என்று தேவரீர் மீசையைத் தடவுவது இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. தேவரீர் பொறுத்தருள்க. கதிரவன் ஓர் ஊரின் உச்சியில் முதலில் வந்து நிற்பதை அந்த ஊருக்குத் தாழ்வு என்று யாரும் சொன்னதில்லை. மேலும் ஆவணியை ஒட்டி அவன் தெற்கே திரும்பும்போது இவர்கள் உச்சிக்கு முதலில் வருவான், நமக்குப் பிறகு வருவான். அப்போது மீசை தடவுவது அவர்கள் முறை. யார் முந்தினார் என்பதற்கு அஞ்சி, இரு நாட்டிலும் இத்தனை சான்றோர் கூடி, வாய் இருக்க வெயிலைத் தூது விட்டோம். வெயில் தன் வேலையைச் சரியாகவே செய்தது. நாம்தான் நம் வேலையை அதன் தலையில் கட்டினோம்.

இவர்கள் அமைச்சரும் நம்மைப்போன்றவரே. புகையும் இன்றி, படையும் இன்றி, மன்னர் தாமே தெற்கே போவது முடிக்குத் தாழ்வு என்று அவையில் நெடுநேரம் வாதாடினர். இளவரையர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அந்தப் பெண் என் விடை தெரியாமலே ஊரார் முன் மாலை சூட்டியிருக்கிறாள். பிந்தியவன் நான். பிந்தியவன்தான் நடந்து போக வேண்டும்." தேவரீர் மகளைத் தேவரீர் நாட்டை விட்டு எங்கோ அனுப்பப் போகிறோமே என்று எனக்கிருந்த கவலை அந்தச் சொல்லில் தீர்ந்தது. தேவரீரும் அவரை நேரில் கண்டால் சினக்க மாட்டீர். சினக்க முயன்றாலும் முடியாது.

அவர் நாளை வைகறையில் புறப்படுகிறார். ஏற்றிய நெய்விளக்கை அணையாமல் காத்து உடன் கொண்டுவருகிறார். வாளேந்திய ஒருவரும் உடன் வரவில்லை. கதிரவன் இப்போது எங்களுக்கு வடக்கே சென்றுவிட்டதால், திரும்பும் வழியில் ஒவ்வொரு நண்பகலும் எங்கள் நிழல் தெற்கே, நம் தலைநகர் புன்னைப்பட்டினம் இருக்கும் திசையில் விழும் என்று கணியர் கூறுகிறார். வல்லூரனுக்கு இச்செய்தி பெரும் ஆறுதல்.

இவ்வோலை எனக்கு முன்பாகக் குதிரைமேல் வருகிறது. தேவரீர் எனக்கணிவித்த சங்கு மோதிரத்தின் உரிமையால் யான் ஆணையிடுவது: எல்லைக் குன்றுகளின் காவலர் எவரும் மறு ஓலை காணும்வரை தீ மூட்டற்க. ஆற்றுத்துறைத் தலைவன், விளக்கேந்தி வரும் இளைஞரை வழிமறியாது ஓடம் கொடுத்து அழைத்து வருக. படைத்தலைவருக்கு ஆணையிட எனக்கு உரிமையில்லை. ஆகவே தேவரீரை வேண்டுகிறேன். கரையில் நிற்கும் யானைகளின் கொம்பில் பூட்டிய இரும்பைக் கழற்றச் செய்க. இத்தனை நாள் அவற்றுக்கு ஊட்டிய கரும்பும் கவளமும் வீணாக வேண்டாம். கழுத்துமணி கட்டி, அதே யானைகளை மாப்பிள்ளை அழைப்புக்கு நிறுத்துக.

கடைசியாக, மைத்துனன் என்ற உரிமையில் ஒன்று. இதைப் படித்து முடித்ததும் தேவரீர் படைத்தலைவரை அழைக்குமுன், அமைச்சரைக் கூட்டுமுன், கணியரை வைது தீர்க்குமுன், எழுந்து நேரே பவளநங்கையிடம் செல்க. அவர் மறுக்கவில்லை என்று தேவரீர் வாயாலேயே அவளிடம் சொல்க. அந்த நண்பகலில், பதில் வருமா என்று தெரியாமலே சம்மதம் சொன்னவள் அவள். இச்செய்தியை முதலில் கேட்க வேண்டியவளும் அவளே.

சங்கு மோதிரம் ஒற்றி, வேங்கைமுடி அரண்மனை முற்றத்தில், கம்பத்தின் நிழல் இவ்வாண்டில் முதன்முறையாகத் தெற்கே சாய்ந்த நண்பகலில் எழுதி விடுத்தேன்.

நெடுஞ்சேந்தன் எழுத்து. வாழ்க கோமகனார். மணமுரசு முழங்குக.